ஃபோட்டான்களை எண்ணிய அத்தியாயம்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். இதை முதலிலேயே சொல்லிவிட்டால், அன்றைக்கு நடந்ததற்கு யார் காரணம் என்று பின்னால் தேட வேண்டியிருக்காது.

முனைவர் பட்டத்துக்கான என் பொது வாய்மொழித் தேர்வு அன்று காலை பதினொரு மணிக்கு. பாளையங்கோட்டையில் நான் இயற்பியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த கல்லூரியிலேயே, எங்கள் துறைக் கூடத்தில். வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாக ஒன்பது வருடம் இழுத்த ஆய்வு. என் வேலை நிரந்தரமானதல்ல. வருடாவருடம் நீட்டித்துத் தருவார்கள். முனைவர் பட்டம் இல்லாதவர்களை வரும் கல்வியாண்டில் வைத்துக்கொள்ள மாட்டோம் என்று நிர்வாகம் அந்த வருடம் கறாராகச் சொல்லிவிட்டது. அன்றைக்குத் தேர்வு நல்லபடியாக முடிந்தால் வேலை இருக்கும். முடியாவிட்டால் இருக்காது. இவ்வளவுதான் விஷயம்.

வீடு பேட்டையில். என் வீட்டுக்காரர் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவி எறிந்துவிட்டு, புதுக் கம்பி சுற்றி ஓட வைப்பது அவர் தொழில். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். ஆனாலும் நான் என்ன படிக்கிறேன், என்ன எழுதுகிறேன் என்று அவ்வப்போது கேட்பார். கேட்பதோடு நிற்க மாட்டார். புரிகிற வரைக்கும் விட மாட்டார். எனக்கு அது சில நாள் பிடிக்கும், சில நாள் எரிச்சலாக வரும்.

அன்று காலை ஏழரை மணி. அவர் சாப்பாட்டு மேசையில் இட்லி தின்றுகொண்டிருந்தார். எதிரில் மடிக்கணினியைத் திறந்து வைத்து நான் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்காகத் தமிழில் சொன்னேன்.

என் ஆய்வு என்ன என்று யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான். மிக்ஸியில், மோட்டாரில், ரேடியோவில் நடக்கிற எல்லாவற்றையும் பழைய நாலு சமன்பாடுகள் சொல்லிவிடும். மின்புலம் என்ற ஒன்று எங்கும் பரவிக் கிடக்கிறது. அது அலையாக ஏறி இறங்குகிறது. எங்கும் வெட்டு விழாமல் தொடர்ச்சியாக இருக்கிறது. அதுதான் நாம் பள்ளிக்கூடத்திலிருந்து படிக்கும் மின்காந்தவியல். ஆனால் அடியில் போய்ப் பார்த்தால் கதை வேறு. அங்கே ஒளி உதிரி உதிரியாக இருக்கிறது. ஒரு ஃபோட்டான் இருக்கலாம், இரண்டு இருக்கலாம், ஒன்றரை கிடையாது. இது குவாண்டம் கொள்கை. அடியில் எல்லாம் உதிரி என்றால் மேலே இந்த வழுவழுப்பான அலை எங்கிருந்து வந்தது? புதுக் கொள்கைக்குள்ளிருந்து பழைய சமன்பாடுகள் எப்படி முளைக்கின்றன? என்னுடைய ஒன்பது வருடமும் இந்தக் கேள்வியில்தான் போனது.

பதில் நாலாம் அத்தியாயத்தில் இருந்தது. ஒரு பெட்டிக்குள் ஃபோட்டான்களின் எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். பத்து, நூறு, லட்சம். எண்ணிக்கை பெருகப் பெருக உதிரித்தன்மை மறைந்து பழைய மின்காந்த அலை தோன்றும். அதற்குச் சாட்சியாக ஒரு வரைபடம் வைத்திருந்தேன். பெட்டிக்குள் எந்த இடத்தில் எவ்வளவு ஆற்றல் என்று பழைய சமன்பாடு சொல்வதைக் கறுப்புக் கோடாகவும், என் குவாண்டம் கணக்கு சொல்வதைச் சிவப்புப் புள்ளிகளாகவும் போட்டிருந்தேன். சிவப்புப் புள்ளிகள் அத்தனையும் கறுப்புக் கோட்டின் மேல் அச்சு அசலாக உட்கார்ந்திருக்கும். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

அவர் இட்லியைப் பிட்டபடி அந்தப் படத்தையே பார்த்தார்.

"ஏளா, இது ஆம்பியர் மாதிரில்லா இருக்கு?"

"என்னது?"

"எம்புட்டு பலம் இருக்குன்னு காட்டுது, சரி. அலைன்னு சொல்லுத. அது எந்த நேரத்துல ஏறுது, எந்த நேரத்துல எறங்குதுன்னு இதுல எங்கன இருக்கு?"

எனக்குச் சுர்ரென்று வந்தது. "ஒங்க பட்டறையும் இதும் ஒண்ணா? தின்னுட்டு எந்திரிங்க, நேரமாச்சு" என்றேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. "இல்லளா. மோட்டாருக்கு வாற மூணு லைன்லயும் ஆம்பியர் ஒண்ணுபோலத்தான் காட்டும். அத மட்டும் பாத்துட்டு மோட்டார் எந்தப் பக்கம் சுத்தும்னு ஒருத்தனும் சொல்ல முடியாது. எது முந்தி ஏறுது, எது பிந்தி ஏறுதுன்னு தெரியணும். அது மாறிட்டுன்னா பம்பு தலைகீழா சுத்தும், தண்ணி ஏறாது. அதான் கேட்டேன்." சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

அவர் கேட்டது அசட்டுக் கேள்வி என்று காட்டத்தான் நாள்காட்டித் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் எழுதினேன். இத்தனை ஃபோட்டான் என்று எண்ணிக்கை திட்டமாகத் தெரிந்த நிலை ஒன்றை எடுத்துக்கொண்டு, அதில் மின்புலத்தின் சராசரி என்ன என்று பார்த்தேன். ஆற்றலை அல்ல, புலத்தையே. இரண்டு வரிக் கணக்கு. விடை பூஜ்யம்.

திரும்பப் போட்டேன். பூஜ்யம். ஒரு ஃபோட்டானுக்கும் பூஜ்யம், கோடி ஃபோட்டானுக்கும் பூஜ்யம். எண்ணிக்கை துல்லியமாகத் தெரிந்தால், அலை எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்பது துளிகூடத் தெரியாது. குவாண்டம் கொள்கை போடும் நிபந்தனை அப்படி. ஏறியும் இருக்கலாம், இறங்கியும் இருக்கலாம் என்றால் கூட்டிப் பார்க்கையில் ஒன்றும் மிஞ்சாது. ஆற்றல் மட்டும் மிஞ்சும். நான் ஆற்றலை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அலை வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறேன். என் நாலாம் அத்தியாயத்தில் அலையே இல்லை.

இது யாருக்கும் தெரியாத விஷயம் என்றால்கூட மனசு ஆறும். முதுகலைப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஒத்திசைவு நிலை என்று ஒன்று உண்டு. அதில் ஃபோட்டான்களின் எண்ணிக்கை கொஞ்சம் முன்பின்னாக இருக்கும். ஆனால் ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் தெளிவாக இருக்கும். ஆன்டெனாவில் ஓடும் மின்னோட்டம் உண்டாக்குவது அந்த நிலையைத்தான். பழைய அலை அங்கிருந்துதான் பிறக்கிறது. அதைப் படித்துப் பரீட்சை எழுதியவள்தான் நான். ஆனால் ஸ்ரீவைகுண்டத்தில் நடவுக்குப் போனவள் பெற்ற பிள்ளை. நாற்றைக் கட்டுக் கட்டாக முடிந்து, வயலுக்கு இத்தனை முடி என்று எண்ணி இறக்கிவிட்டால் வயல் நிறைந்துவிடும் என்று பார்த்து வளர்ந்தவள். எண்ணிக்கை சரியாக இருந்தால் மற்றதெல்லாம் தானே சரியாகும் என்ற நம்பிக்கை என் ரத்தத்தில் இருந்திருக்க வேண்டும். புள்ளிகள் கோட்டில் உட்கார்ந்ததும் மேற்கொண்டு கேட்காமல் விட்டுவிட்டேன்.

அப்போதுதான் துண்டுச்சீட்டு நினைவுக்கு வந்தது.

வெளியாட்களுக்கு இது தெரியாது. பொது வாய்மொழித் தேர்வு என்றால் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், எழுந்து கேள்வி கேட்கலாம் என்பது விதி. ஒருவரும் கேட்காவிட்டால் பார்க்க நன்றாக இருக்காது. யாராவது ஏடாகூடமாகக் கேட்டுவிட்டால் அதைவிட மோசம். அதனால் எங்கள் கல்லூரியில் ஒரு வழக்கம். தேர்வுக்கு நிற்பவரே நாலைந்து நாள் முன்னதாக மூன்று கேள்விகளைத் துண்டுச்சீட்டில் எழுதி வேண்டியவர்களிடம் கொடுத்துவிடுவார். அவர்கள் அப்போதுதான் தோன்றியதுபோலத் தாடையைத் தடவிக்கொண்டு எழுந்து கேட்பார்கள். நிற்பவரும் கொஞ்சம் யோசிக்கிற பாவனையில் நின்றுவிட்டு மனப்பாடம் செய்த பதிலை ஒப்பிப்பார். நானே ஐந்தாறு பேருக்கு அப்படித் தாடையைத் தடவியிருக்கிறேன்.

என் மூன்றாம் சீட்டில் எழுதியிருந்தது இது: குவாண்டம் நிலை எந்தக் கட்டத்தில் பழைய மின்காந்த அலையாக மாறுகிறது? மனப்பாடம் செய்திருந்த பதில்: ஃபோட்டான்களின் எண்ணிக்கை மிகப் பெரிதாகும்போது. தேர்வாளர் கண்ணில் படாமலே போயிருக்கக்கூடிய தப்பை, நானே ஆள் வைத்துக் கேட்கச் சொல்லி, எல்லோர் முன்னாலும் வாயால் சொல்ல ஏற்பாடு செய்திருந்தேன்.

அந்தச் சீட்டை என் துறைத் தோழியிடம் கொடுத்திருந்தேன். கடற்கரை ஊர்க்காரி, அப்பா படகில் போகிறவர், அவள் குரல் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும். உடனே அவளுக்கு ஃபோன் போட்டேன். எடுக்கவில்லை. சேலை கட்டிக்கொண்டே ஆறு தடவை போட்டேன். ஆறு தடவையும் எடுக்கவில்லை.

வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வண்டியை வெளியே எடுத்தார். நான் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். டவுனைத் தாண்டினோம். ஜங்ஷன் பக்கத்தில் சிக்னலில் நின்றபோது, "நீங்க கேட்டது சரிதான். அத்தியாயம் தப்பு" என்றேன்.

அவர் பாதி திரும்பினார். "அப்ப என்ன செய்யப் போற?"

"வாய மூடிட்டு ஓட்டுங்க."

ஆற்றுப்பாலத்தில் ஒரு லாரி பழுதாகி நின்று, வண்டிகள் அடைத்துக்கொண்டு கிடந்தன. கீழே தாமிரபரணியில் யாரோ நிதானமாகத் துணி அலசிக்கொண்டிருந்தார்கள். அந்த நிதானம் எனக்கு ஆத்திரமாக வந்தது. பத்து நிமிடம் அங்கேயே போனது.

துறைக்குள் ஓடினேன். தோழி தேர்வாளர்களுக்கு வடையும் தேநீரும் சொல்லி வைத்துவிட்டு மாலையைத் தண்ணீர் தெளித்து வைத்துக்கொண்டிருந்தாள். அவள் கைப்பை எட்டத்தில் நாற்காலியில் கிடந்தது. அதற்குள் ஃபோன்.

"ஏளா, அந்த மூணாவது சீட்டக் குடு."

"அது எங்கிட்ட எங்க இருக்கு? அதுல இங்கிலீசு வாயில நொழையலன்னு நேத்து கணக்கு சார்ட்ட குடுத்துட்டு அவிய சீட்ட நான் வாங்கிக்கிட்டேன். சேசுவே, மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கெடக்கு?"

கணக்கு சார் என்பவர் கணிதத் துறையில் மூத்தவர். கல்லூரியில் எந்த வாய்மொழித் தேர்வு நடந்தாலும் அவர் ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும். அதைக் கௌரவமாக நினைக்கிறவர்.

"அவர் எங்கன இப்போ?"

"ஸ்டேஷனுக்குக் காரை எடுத்துட்டுப் போயிருக்காவ. வெளியூர்த் தேர்வாளரக் கூப்பிட. ஒன் கைடும் கூடப் போயிருக்காவ."

என் தலைவிதியைப் பாருங்கள். அந்தச் சீட்டு கணக்கு சாரின் சட்டைப் பையில், தேர்வாளருக்குப் பக்கத்து இருக்கையில் வந்துகொண்டிருந்தது. அவருக்கு ஃபோன் போட்டேன். உடனே எடுத்தார்.

"சொல்லுங்கம்மா! வண்டி ஓட்டிட்டிருக்கேன், ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். சார் பக்கத்துலதான் இருக்காவ."

"ஒண்ணுமில்ல சார், டிபன் ரெடின்னு சொல்லத்தான்" என்று வைத்துவிட்டேன்.

பத்தரைக்கு வந்தார்கள். வெளித்தேர்வாளர் ஒல்லியான மனிதர், வேறொரு மாவட்டத்துப் பேராசிரியர். எல்லோரையும் கும்பிட்டு மரியாதையாகப் பேசினார். தேநீர்க் குவளையை வாங்கிக்கொண்டு என்னிடம், "உங்கள் ஆய்வேட்டில் நாலாவது அத்தியாயம்தான் மணியான அத்தியாயம். அறிக்கையில் அதைத் தனியாகக் குறிப்பிட்டிருக்கிறேன்" என்றார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

கணக்கு சாரைத் தனியே பிடிக்க முயன்றேன். அவர் தேர்வாளரை விட்டு நகரவில்லை. பல்கலைக்கழகத் தேர்வுகளின் தரம் இறங்கிவிட்டது பற்றி இருவரும் மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் என் நெறியாளர் மட்டும் தனியாக அகப்பட்டார். ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம் இருந்தவர். ஒன்பது வருடமும் என்னை விரட்டாமல், கைவிடாமல் வைத்திருந்தவர்.

"சார், நாலாம் அத்தியாயத்துல தப்பு இருக்கு. எண்ணிக்கை திட்டமான நிலையில புலத்தோட சராசரி பூஜ்யம். நாம ஆற்றல மட்டும் பாத்திருக்கோம்."

அவர் கை துடைப்பதை நிறுத்தினார். அவருக்குப் புரிய மூன்று விநாடிகூட ஆகவில்லை. முகம் தொங்கிவிட்டது.

"யார்ட்டயும் சொன்னியா?"

"இல்ல சார்."

"சொல்லாத. ஆய்வேட்டப் படிச்ச தேர்வாளர் ரெண்டு பேரும் நல்ல அறிக்கை குடுத்தாச்சு. இன்னைக்கு வெறும் சடங்குதான். பொறவு ஒரு கட்டுரையா திருத்தி எழுதிக்கிடலாம். ஒன் வேலைய நெனச்சுப் பாரு. அதுல எங்கையெழுத்தும் இருக்கும்மா." கடைசி வாக்கியத்தைத் தாழ்ந்த குரலில் சொன்னார். அவர் சொன்னது எனக்கு அநியாயமாகப் படவில்லை. ஆறுதலாகத்தான் இருந்தது. வாயை மூடிக்கொள்ளப் பெரியவர்களே அனுமதி கொடுத்துவிட்டார்களே என்றிருந்தது.

கூடம் நிறைந்துவிட்டது. ஆராய்ச்சி மாணவர்கள், பக்கத்துத் துறைக்காரர்கள், கடைசி வரிசையில் ஓரமாக என் வீட்டுக்காரர். நான் பேசத் தொடங்கினேன். எல்லாம் ஆங்கிலத்தில்தான். முதல் மூன்று அத்தியாயங்களையும் நிதானமாகச் சொன்னேன். நாலாவது வந்ததும் படத்தைக் காட்டி, "இணக்கம் தெரிகிறது" என்று ஒரு வரி சொல்லிவிட்டு அடுத்ததற்குத் தாவினேன். நெறியாளர் மெல்லத் தலையாட்டினார்.

தேர்வாளர் இரண்டு சின்னக் கேள்விகள் கேட்டார். பார்வையாளர்களிடம் திரும்பி, "பொதுவில் யாருக்காவது சந்தேகம்?" என்றார். ஒரு ஆராய்ச்சி மாணவி எழுந்து முதல் சீட்டைக் கேட்டாள். தோழி தாடையைத் தடவிக்கொண்டு கணக்கு சாரிடமிருந்து வாங்கியதைக் கேட்டாள். இரண்டுக்கும் பதில் சொன்னேன். பிறகு கணக்கு சாரை நேராகப் பார்த்து, வேண்டாம் என்று கண்ணை மூடித் திறந்து தலையை ஒரு நூலளவு அசைத்தேன். அவர் அதை, உங்கள் முறை வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார். முகமெல்லாம் மலர எழுந்து நின்று கணீரென்று கேட்டார். தேர்வாளர், "அருமையான கேள்வி" என்றார். படத்தைத் திரும்பக் காட்டச் சொன்னார்.

சிவப்புப் புள்ளிகளும் கறுப்புக் கோடும் திரையில் வந்து நின்றன.

யோசிக்கிற பாவனையில் நின்றேன். பிறகு மனப்பாடம் செய்த பதிலைத் தொடங்கினேன். ஃபோட்டான்களின் எண்ணிக்கை மிகப் பெரிதாகும்போது என்று பாதி வாக்கியம் போய்விட்டது. அடுத்த பாதியும் போயிருக்கும். தற்செயலாகக் கடைசி வரிசை கண்ணில் பட்டது. என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தால், அல்லது என்னை முறைத்திருந்தால், நான் பிடிவாதத்தில் சொல்லி முடித்திருப்பேன். அவர் இரண்டும் செய்யவில்லை. கழுத்தை நீட்டிப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆங்கிலம் புரியாவிட்டாலும், காலையில் கேட்டதற்கு இப்போது பதில் வரப்போகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அத்தனை பேர் இருந்த கூடத்தில் உண்மையிலேயே பதில் தெரிய வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான்.

"மன்னிக்கணும். நான் சொல்ல வந்தது தவறு" என்றேன்.

பிறகு நிறுத்த முடியவில்லை. கரும்பலகைக்குப் போய் அந்த இரண்டு வரிகளை எழுதினேன். பூஜ்யத்தைச் சுற்றி வட்டம் போட்டேன். ஆற்றல் பொருந்துகிறது, ஆனால் அலை இல்லை, அத்தியாயத்தின் முடிவு நிற்காது என்று சொன்னேன். கணக்கு சார் இன்னும் நின்றுகொண்டிருந்தார். பாவம், அவருக்கு என்ன நடக்கிறது என்றே புரியவில்லை. "அப்ப எத்தனை கோடி ஃபோட்டான் இருந்தாலும் அலை வராதாம்மா?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டார்.

நானும் தமிழில் சொன்னேன். "டவுன்ல தேர் இழுக்குதோம்லா சார். வடத்துல எத்தனை பேர் கை வச்சிருக்காங்கன்னு யாராலயும் எண்ணிச் சொல்ல முடியாது. ரெண்டு பேர் விடுவான், நாலு பேர் வந்து பிடிப்பான். ஆனா இழுக்குற நேரம் எல்லாருக்கும் ஒண்ணு. அதனால தேர் நகருது. சரியா ஆயிரம் பேர்னு எண்ணி நிப்பாட்டிட்டு, எப்ப இழுக்கணும்னு ஒருத்தருக்கும் தெரியலன்னா ஆயிரம் பேருக்கும் வேர்க்கும். தேர் நகராது. நான் ஆளை எண்ணியிருக்கேன் சார். தேர் நகர்ந்துச்சான்னு பாக்கல."

பின்னால் யாரோ சிரித்தார்கள். தேர்வாளர் சிரிக்கவில்லை. கோப்பைத் திறந்து தன் அறிக்கையை எடுத்து ஒரு பக்கத்தைப் படித்தார். நிமிர்ந்து, "அப்படியானால் நான் பாராட்டி எழுதியிருப்பதும் தவறு என்கிறீர்கள்" என்றார்.

அந்த இடத்தில் இன்னொருத்தியாக இருந்தால் நயமாக ஏதாவது சொல்லியிருப்பாள். என் வாய் என்னைவிட முந்தும். "ஆமாம் சார்" என்றேன். நெறியாளர் கண்களை மூடிக்கொண்டார்.

தேர்வாளரும் நெறியாளரும் உள்ளறைக்குப் போனார்கள். நாற்பது நிமிடம். மாலை தோழியின் கையிலேயே இருந்தது. வெளியே வந்து தேர்வாளர் வாசித்தார்: நாலாம் அத்தியாயத்தை முழுவதுமாக மாற்றி எழுதி, ஆய்வேட்டைத் திரும்பச் சமர்ப்பித்து, மறுபடியும் வாய்மொழித் தேர்வுக்கு வர வேண்டும். முறையான முடிவுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கல்வியாண்டுக்குள் அது நடக்காது என்று கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். நெறியாளர் என்னைத் தாண்டிப் போகும்போது, "ஒத்த வரி. அத விழுங்கியிருந்தா போதும்" என்று மட்டும் சொன்னார். கணக்கு சார் பக்கத்தில் வந்து, "நான் கேட்டது தப்பாப் போச்சாம்மா?" என்று பரிதாபமாகக் கேட்டார்.

திரும்பும்போது பாலத்தில் நெரிசல் இல்லை. பாலம் தாண்டியதும் வீட்டுக்காரர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். இறங்காமலே, முன்னால் பார்த்தபடி கேட்டார்.

"நான் அதக் கேட்டிருக்கப்பிடாதோ?"

இதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். கரும்பலகைக்கு முன்னால் நின்றபோது தெரிந்தது, இப்போது எழுதும்போதும் தெரிகிறது. அந்த நிமிடத்தில் மட்டும் தெரியவில்லை. வேலை போனது மட்டும்தான் தெரிந்தது.

"ஆமா. கேட்டிருக்கப்பிடாது. கம்பி சுத்துறவருக்கு எதுக்கு இந்த வேலையெல்லாம்?"

அவர் வண்டியைக் கிளப்பினார்.

மே மாதத்தோடு கல்லூரி வேலை முடிந்தது. அடுத்த ஐந்து மாதம் விடிகாலையில் எழுந்து எழுந்து நாலாம் அத்தியாயத்தைப் புதிதாக எழுதினேன். இந்த முறை ஒத்திசைவு நிலையில் தொடங்கி, புலத்தையே கணக்கிட்டேன். சிவப்புப் புள்ளிகள் கறுப்புக் கோட்டோடு சேர்ந்து ஏறின, சேர்ந்து இறங்கின. சின்ன எண்ணிக்கையில் அங்குமிங்கும் சிதறிய புள்ளிகள், எண்ணிக்கை கூடக் கூட ஒழுங்காகக் கோட்டில் ஒட்டிக்கொண்டன. பழைய சமன்பாடு குவாண்டத்துக்குள்ளிருந்து எழுந்து வருவதை என் கண்ணாலேயே பார்த்தேன். அந்தச் சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

படத்தை அச்சடித்துக் கொண்டுபோய் வீட்டுக்காரரிடம் காட்டினேன். எது எந்த நேரத்தில் ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று கையால் தொட்டுக் காட்டினேன். "நல்லா இருக்கு" என்றார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு பட்டறைக்குக் கிளம்பிவிட்டார். நான் பேசிய பேச்சுக்கு மன்னிப்பும் கேட்டேன், இரண்டு தடவை. இரண்டு தடவையும், "அதுக்கென்னளா, விடு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சண்டை போட்டிருந்தால் எனக்கு வழி தெரிந்திருக்கும். அவர் சாப்பிடுவார், சிரிப்பார், பட்டறைக் கதை சொல்லுவார். நான் வேண்டுமென்றே ஒரு விளக்கத்தைப் பாதியில் நிறுத்திப் பார்ப்பேன். மீதி என்ன என்று கேட்க மாட்டார்.

இரண்டாவது தேர்வு ஐப்பசியில் நடந்தது. மழைக்காலம், கூட்டம் இல்லை. தோழி வந்திருந்தாள், நெறியாளர் முகம் கொடுக்காமல் உட்கார்ந்திருந்தார், அதே தேர்வாளர். கிளம்பும்போது வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். "ஒரு பம்பு அவசரமாக் குடுக்கணும். நீ பைய போயிட்டு வா" என்றார். அவசரப் பம்பு எதுவும் அன்று பட்டறையில் இல்லை. எனக்கு அது தெரியும்.

இந்த முறை நான் யாருக்கும் சீட்டு எழுதிக் கொடுக்கவில்லை. பேசி முடித்தேன். தேர்வாளர் திருப்தியாகத் தலையசைத்தார். கூடத்தைப் பார்த்துத் திரும்பி, "பொதுவில் யாருக்காவது சந்தேகம்?" என்றார்.

நான் கடைசி வரிசையைப் பார்த்தேன். நாற்காலிகள் காலியாக இருந்தன. யாராவது ஏதாவது கேட்க மாட்டார்களா என்று வெகுநேரம் நின்றேன். தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, பார்வையாளர்களிடமிருந்து வினா ஏதும் இல்லை என்று அறிக்கையில் எழுதி, அவரும் நெறியாளரும் கையெழுத்துப் போட்டு, எனக்குப் பட்டம் கொடுத்தார்கள்.